தங்கபுஷ்பம் அக்காவின் ஓட்டு

ஓட்டுச்சாவடியில் விரலில் வைக்கும் மை, வைத்தவுடன் ஜில்லென்று இருக்கும். வாயால் ஊதினால் இன்னும் கொஞ்சம் ஜில்லிடும். பிறகு காய்ந்து, நகத்தடியில் தோலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊதாவிலிருந்து மெல்ல மெல்லக் கறுத்துப்போகும். இதெல்லாம் பதினெட்டு வயதுக்குமேல் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. எனக்குப் பதினான்கிலேயே தெரிந்துவிட்டது. தாராவியில் தமிழ் மீடியத்தில் எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான், திருநெல்வேலிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரின் ஊராட்சித் தேர்தலில், பெரியம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு ஓட்டுப் போட்டேன். அது என் ஓட்டு இல்லை. யாருடையது என்று சொல்லத்தான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் 'பம்பாய் ஓட்டு' என்று ஒரு பேச்சு உண்டு. பிழைக்கப் போன இடத்தில் மூன்று பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் இந்தியில் சண்டை போடும் அளவுக்கு ஆன பிறகும், வாக்காளர் பட்டியலில் பெயரை மட்டும் ஊரிலேயே விட்டு வைத்திருந்த தாராவிக்காரர்களின் ஓட்டு அது. சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் யாரும் எங்களை அவ்வளவாகத் தேடமாட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நாலு ஓட்டு, அஞ்சு ஓட்டு வித்தியாசத்தில் தலையெழுத்து மாறும் என்பதால், நிற்கிறவர்கள் எல்லாரும் தாதரில் வந்து இறங்குவார்கள். எங்கள் கல்லியின், அதாவது சந்தின், முனையில் ஊர்ச் சங்கத்துக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு மாடி அறை இருந்தது. அதில் பாய் விரித்து உட்கார்ந்து, போன மாதம் வரை நாம் செத்தோமா பிழைத்தோமா என்று கேட்காத மனிதர்கள், கருப்பட்டி மிட்டாயைப் பிரித்து வைத்துக்கொண்டு, எங்கள் மூத்த பிள்ளை என்ன படிக்கிறான் என்று விசாரிப்பார்கள். "ஊர்ல நம்மள ஆளா மதிக்கது அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தான்" என்பார் அப்பா. சொல்லிக்கொண்டே மிட்டாயையும் எடுத்துக்கொள்வார்.

அந்த வருஷம் நின்றது வேறு யாருமில்லை, அப்பாவின் அண்ணன்தான். பெரியப்பா ஊரிலேயே உரக்கடை வைத்திருந்தவர். பூட்டு சாவி சின்னம் கிடைத்திருந்தது. பெயர் பட்டியலில் இருக்கிற அத்தனை பேருக்கும் ரயிலில் இடம் பிடித்துத் தருவதாகச் சங்கத்தில் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அம்மாவும் அப்பாவும் போவதால், என்னைத் தனியாக விடமுடியாமல் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த கல்லியில் இருந்தவள் தங்கபுஷ்பம் அக்கா. ஜீன்ஸ் தைக்கும் ஒரு கார்கானாவில் 'தாகா' வெட்டுகிற வேலை, அதாவது தைத்து முடித்த துணியில் தொங்கும் நூல் பிசிறுகளைக் கத்தரிக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெட்டிவிட்டு வரும்போது கண் இமையில்கூட நீல நூல் ஒட்டியிருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் புருஷன் விட்டுவிட்டான்; அம்மா வீட்டுக்குத் திரும்பினாள்; அம்மா செத்ததும் அண்ணன் வீடாகிவிட்ட அந்த வீட்டில் நிற்க முடியாமல் பம்பாய்க்கு ரயிலேறியவள். அதற்குப் பிறகு எந்தக் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போகமாட்டாள், எந்தக் கல்யாணத்துக்கும் போகமாட்டாள். தேர்தலுக்கு மட்டும் போவாள். எந்தத் தேர்தல் என்றாலும் போவாள். போய், ஓட்டுப் போட்டுவிட்டு, யார் வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறித் திரும்பிவிடுவாள்.

"எதுக்குக்கா இம்புட்டு தூரம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த ஊர்ல எனக்குன்னு என்னட்டி இருக்கு? வீடு அண்ணனுக்கு, வீட்டுக்குப் பின்னால நிக்க தென்னையும் அண்ணனுக்கு. லிஸ்ட்டுல அம்மா வீட்டு நம்பர்ல எம் பேரு ஒண்ணு இருக்குல்லா? அத ஒருத்தன் சத்தமா வாசிக்கான், நான் ஆமான்னு நிக்கேன். அதுக்குத்தான்" என்றாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன தடவை சாவடியில் இருந்த ஆள் அவள் கட்டைவிரலைப் பிடித்து மைப் பெட்டியில் உருட்டிய உருட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த முறை கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னிடம் வந்தாள். நான்தான் வாத்தியார். சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும், இரட்டைக் கோடு நோட்டில் முதல் வரியில் நான் 'தங்கபுஷ்பம்' என்று எழுதித் தருவேன். அவள் அதைப் பார்த்துப் பக்கம் முடிய எழுதுவாள். எனக்கு வந்த அதிகாரத்தைக் கேட்கவேண்டாம். 'ஷ்' வராமல் அவள் திணறும்போதெல்லாம், எங்கள் வாத்தியார் என்னைத் திட்டுகிற அதே வார்த்தைகளில் அவளைத் திட்டுவேன். முப்பது வயது தாண்டியவள், தலையை ஆட்டிக்கொண்டு அழித்து எழுதுவாள். அந்த வயதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடைசி 'ம்' மேல் புள்ளி வைக்காமல் குட்டி வட்டம் போடுவேன். அதுதான் ஸ்டைல் என்று நினைப்பு. அக்கா அந்த வட்டத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டாள். மூன்று மாதம் ஆயிற்று. கடைசியில் ஒருநாள் நோட்டைப் பார்க்காமல் எழுதிக் காட்டிவிட்டு, பேனாவை மூடி என் கையில் கொடுத்து, "இனி எவனும் என் வெரலப் பிடிக்க முடியாதுல்லா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

நாங்கள் ரயிலேறுவதற்கு முந்தின நாள் கல்லியில் என்னைப் பார்த்து, முகம் தொங்கிப்போய் நின்றாள். "சேட்டு சுட்டி தரமாட்டேன்னுட்டாம்ட்டி. லீவு கேட்டா ஆர்டர் இருக்காம். பெரியப்பாட்ட சொல்லீரு, அடுத்த வாட்டி வாரேன்னு." எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்ததும் அந்த வருத்தம் போய்விட்டது.

ஊரில் என்னை யாருக்கும் தெரியாது. பெரியப்பா வீட்டுப் பெண்பிள்ளைகள் என் தமிழைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குழாயை 'நள்' என்று சொல்லிவிட்டேன் என்று இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவர்கள் நடுவில் எப்படியாவது பெரிய ஆளாகிவிட வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. தேர்தலன்று காலை, பெரியப்பா வீட்டு முன்னறையில் பம்பாய்க்காரர்களின் பூத் சிலிப்புகளைப் பரப்பி வைத்து, வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். "தங்கபுஷ்பம்?" என்றார் பெரியப்பா. "அக்கா வரல பெரியப்பா. சேட்டு லீவு குடுக்கல" என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான்தான். பெரியப்பா சிலிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அப்போதே அம்மா உயரம்.

"பம்பாய்ப் பிள்ளைக்கு என்ன வயசுன்னு இங்க எவனுக்குத் தெரியும்? ஒரு சேலையக் கட்டிவிடுங்க" என்றார்.

"வேண்டாம்ணே, சின்னப் பிள்ள" என்று அப்பா ஒருமுறை சொன்னார். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அம்மா என் சடையை அவிழ்த்துக் கொண்டை போட்டாள். என்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுதினால் இந்தக் கட்டுரை எனக்குச் சுலபமாகிவிடும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என்னைக் கேலி செய்த பெண்பிள்ளைகளே சுற்றி நின்று எனக்குச் சேலை மடிப்பு எடுத்துக் கொடுத்தார்கள். பெரியம்மா தன் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது நான் அழகாக இருந்தேன். அது போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. வரிசையில் நின்றபோது பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடக் குஷிதான் அதிகம். பெரியப்பாவுக்கு எதிராக நின்றவரின் ஏஜென்ட் ஒரு இளவட்டம். பெஞ்சில் உட்கார்ந்து, தலை நிமிராமல் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தான். பம்பாய் முகங்கள் அவனுக்குத் தெரியாது. பம்பாய்க்காரர்கள் பலரைப் போல, படம் எடுக்க வந்த நாட்களில் ஊரில் இல்லாததால், அக்காவுக்கும் அடையாள அட்டை கிடையாது. சிலிப் இருந்தால் போதும். அலுவலர் ஒருவர் "தங்கபுஷ்பம்" என்று சத்தமாக வாசித்தார். "ஆமா" என்றேன். விரலில் மை வைத்தார்கள். "கையெழுத்தா, ரேகையா?" என்றார்கள். பேனாவை வாங்கி, அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்த அதே எழுத்தில், கடைசியில் வட்டமும் போட்டுக் கையெழுத்திட்டேன். வெவ்வேறு நிறத்தில் நாலு சீட்டு கொடுத்தார்கள். பூட்டு சாவியைத் தேடி முத்திரையைக் குத்தி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தால், பெரியப்பாவின் ஆட்கள் எனக்கு ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில், பெரிய மனுஷிகளோடு பெரிய மனுஷியாக உட்கார்ந்து குடித்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் ஒரு மினிபஸ் வந்து நின்றது. அதிலிருந்து கையில் ஒரு பையோடு தங்கபுஷ்பம் அக்கா இறங்கினாள்.

சேட்டிடம் சண்டை போட்டு, வேலை போனால் போகட்டும் என்று, நாங்கள் கிளம்பி இரண்டு நாள் கழித்து டிக்கெட் எடுக்காதவர்களோடு முண்டியடித்துப் பொதுப் பெட்டியில் ஏறியிருக்கிறாள். உட்கார இடம் கிடைக்காமல் இரண்டு நாள் வாசற்படி அருகில் நின்றும் குந்தியும் வந்த களை முகத்தில் இருந்தது. ஆனால் சேலையை மட்டும் ஸ்டேஷனில் மாற்றியிருக்க வேண்டும். கசங்காமல் புதிதாக இருந்தது. வேப்பமரத்துப் பக்கம் பார்க்காமல் நேரே உள்ளே போனாள். நான் எழுந்திருக்கவில்லை. கலர் பாட்டிலைக் கீழே வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் ஓட்டுப் போட்டாயிற்றே என்றிருக்கிறார் அலுவலர். இல்லை என்றிருக்கிறாள். பதிவேட்டைத் திருப்பி, "இதோ பாரும்மா, கையெழுத்தே போட்டிருக்கே" என்று காட்டியிருக்கிறார். அக்காவுக்கு வேறு எந்த எழுத்தும் தெரியாது. அந்த ஏழெட்டு எழுத்து மட்டும் தெரியும், அதுவும் என் கையால் எழுதியதுதான் தெரியும். குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அலுவலர் நல்ல மனிதர். "நீங்கதான் தங்கபுஷ்பம்னு தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் வந்து சொன்னா, உங்களுக்குத் தனியா ஒரு சீட்டு தரலாம்" என்றிருக்கிறார். எதிர்ப்பக்கத்து இளவட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? கள்ள ஓட்டைப் பிடித்துவிட்ட குஷியில் அவளை வாசலுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மரத்தடியில் இருந்த பாதிப்பேருக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் பெரியப்பா பக்கத்து ஆட்கள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். இளவட்டம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பேச்சையும் முகத்தையும் வைத்தோ என்னவோ, என்னிடம் வந்தான்.

"ஏ பிள்ள, நீயும் தாராவிலருந்துதான வந்துருக்க? இவிய பேரு தங்கபுஷ்பமான்னு சொல்லு. தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்று ஒரு சொல் சொன்னால் அவளுக்கு ஓட்டு கிடைக்கும். நான் மாட்டிக்கொள்வேன். பெரியப்பா மாட்டிக்கொள்வார். அந்த நேரத்தில் நான் பெரியப்பாவை நினைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் வந்து, சேலை கட்டியிருக்கும் என்னை, அந்தப் பெண்பிள்ளைகள் பார்க்க இழுத்துக்கொண்டு போவதை மட்டும்தான் நினைத்தேன். இடது கையைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டேன்.

"தெரியாது" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்றால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கழுத்துச் சங்கிலியைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், மடிப்புக்குள் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு இளவட்டத்திடம் திரும்பி, "தம்பி, நாந்தான் காலைலயே வந்து போட்டுட்டேன் போல. மறந்துட்டேன்" என்றாள்.

"என்னக்கா வெளையாடுதியளா? வெரலக் காட்டுங்க. மை எங்க?"

"அழிஞ்சிட்டு" என்று சொல்லி, மையே படாத தன் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "பம்பாய்த் தண்ணி மண்டைல ஏறிட்டு" என்றது ஒரு குரல். இளவட்டம் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அக்கா பையைத் தூக்கித் தோளில் போட்டாள். என்னைக் கடந்து போகும்போது நிற்காமலே, உதடு மட்டும் அசைய, "கைய வெளிய எடுக்காத" என்றாள். பஸ் வரக் காத்திராமல், மெயின் ரோட்டை நோக்கி வெயிலில் நடந்தாள். நான் அங்கேயே இருந்தேன். பெரியம்மா என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன், இல்லை, சிரித்தேன்.

பெரியப்பா அமோகமாக ஜெயித்தார். அந்த ஒரு ஓட்டு இல்லாவிட்டாலும், அதைப்போல் இன்னும் முப்பது இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார். கூலி பேசாமல் அடியாள் வேலை செய்துவிட்டு, அதுவும் தேவைப்படாத வேலை என்று பிறகு தெரிந்துகொள்வதைப்போல ஒரு கேவலம் இல்லை.

தாராவிக்குத் திரும்பி வந்தால் விரலில் மை இருக்கிறது. எட்டாவது படிக்கிற பிள்ளையின் விரலில் ஓட்டு மை எப்படி வந்தது? தேங்காயெண்ணெய் தேய்த்தேன், பல்பொடி போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. கடைசியில் பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நகம் வளர்ந்து, மைப்பட்ட இடம் நுனிக்கு வந்து, அதை வெட்டி எறிய மூன்று மாதத்துக்குமேல் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அடுத்த கல்லி வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவோடு எப்போதும்போலப் பேசினாள். கார்கானாவில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை; வேறு ஒரு இடத்தில் இதே வேலைக்குச் சேர்ந்தாள், பிறகு அம்பர்நாத் பக்கம் ஒரு ஃபாக்டரியில் வேலை கிடைத்து அங்கேயே போய்விட்டாள். போகிறவள் சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தபோது, நான் உள்ளே படுத்துக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்.

காலேஜ் படிக்கும்போது, மன்னிப்புக் கேட்டே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத்துக்குப் போனேன். மாட்டுங்காவில் ரயில் ஏறியதிலிருந்து எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா சந்தோஷப்பட்டாள். டீ போட்டாள், ஓடிப்போய் வடாபாவ் வாங்கி வந்தாள், அப்பாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "அக்கா, அன்னைக்கு ஊர்ல..." என்றதும், டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள்.

"இப்பம் பதினெட்டு முடிஞ்சிட்டுல்லா?" என்றாள்.

"முடிஞ்சிட்டுக்கா."

"அப்பம் ஒம் பேர்ல போடலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் விஷம் ஒன்றும் இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மழை வருவதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்விடு என்று சொல்லிக் குடையையும் கொடுத்து அனுப்பினாள். ஆரம்பித்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடிக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு அக்கா போய்விட்டாள். யாரோ சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் காரியமெல்லாம் முடிந்த பிறகு.

இப்போது நான் திலக் நகரில் இருக்கிறேன். எங்கள் கல்லியில் சங்கத்து மாடி அறை இருந்த இடத்தில் ஒரு மொபைல் கடை. ஊர்க்காரர்கள் கல்யாண், விரார், அம்பர்நாத் என்று சிதறிவிட்டார்கள்; பலர் ஓட்டை இங்கேயே மாற்றிக்கொண்டார்கள். தேர்தலுக்கென்று ஒரு பெட்டி நிறையப் போகிற கூட்டம் இல்லை, வாட்ஸாப் குழுதான் இருக்கிறது. போன தேர்தலுக்கு முன்னால் அதில் ஊர்ப் பட்டியலைப் போட்டிருந்தார்கள். பதினெட்டு முடிந்த கையோடு பெரியப்பா சேர்த்துவிட்ட என் பெயர், அந்த ஊரில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்திராத என் பெயர், பத்திரமாக இருந்தது. அக்காவின் அம்மா வீட்டு நம்பரைத் தேடினேன். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், மருமகள். விசாரித்தேன். ஊரில் வசிக்காதவர் என்று பெரியப்பா தலைவரான அடுத்த வருஷமே அவள் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கேயாவது புகார் கிளம்பிவிடக்கூடாது என்ற முன்யோசனையாக இருக்கும். அம்பர்நாத்தில் டீ போட்டுக் கொடுத்தபோது அது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தேர்தலில் நின்றவன் பெரியப்பாவின் மகன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். போன் செய்து, டிக்கெட் போட்டுத் தருகிறேன், ஒரு ஓட்டுதானே, வந்துவிட்டுப் போங்கக்கா என்றான். ஆபீஸில் லீவு இல்லை என்று சொன்னேன். அன்றைக்கும் அவ்வளவுதான் தைரியம் வந்தது. "தங்கபுஷ்பம்னு ஒருத்தங்க, உங்க தெருதான், அவங்க பேரு ஏன் லிஸ்ட்ல இல்ல?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பக்கத்தில் யாரிடமோ கேட்டான். அவர்களும் யோசிப்பது போனில் கேட்டது.

"அப்படி யாரும் நம்ம ஊர்ல இருந்த மாதிரித் தெரியலியேக்கா" என்றான்.

அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்து வாசலில், அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு நின்ற இடத்தில், தெரியாது என்று முதலில் வாயைத் திறந்து சொன்னவள் நான்.